ஒரு சாண் குறைந்த தாங்கி

அக்காவின் கலியாணத்துக்கு நாங்கள் போவோமா மாட்டோமா என்பதுதான் அப்போது எனக்கு உலகப் பிரச்சினை. அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. வேலி அடைத்தபோது கதியால் தடி ஒன்று எங்கள் பக்கம் தள்ளி நடப்பட்டதாம். அன்றிலிருந்து அம்மாவும் பெரியம்மாவும் பேச்சில்லை. வீட்டுக்கு வந்து கலியாணம் சொல்லாவிட்டால் எங்கள் ஊரில் யாரும் போகமாட்டார்கள். என் புதுச் சட்டையோ தைத்து முடிந்து அலுமாரிக்குள் தொங்கியது.

பெரியம்மா வீட்டுக் கிணறு உவர். கலியாண வீட்டுக்கு நல்ல தண்ணீர் வேண்டுமே! அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பியான மாமா, குழாயும் பசையுமாக வந்து இறங்கினார். பெரியம்மா வளவில் தூண் கட்டிப் புதுத் தண்ணீர்த் தாங்கி ஏற்றினார். அதன் அடியையும் எங்கள் தாங்கியின் அடியையும் வேலிக்குள்ளால் குழாய் போட்டு இணைத்தார். எங்கள் மோட்டரைப் போட்டால் இரண்டும் சேர்ந்து நிரம்பும்.

“தண்ணி குடுக்கலாம். கதைக்கமாட்டன்” என்றார் அம்மா.

முதல் நாள் காலை மோட்டர் ஓடியது. எங்கள் தாங்கி வழிந்தால் கத்துவது என் வேலை. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். வழிந்தது அந்தப் பக்கம்! பலகாரத்துக்கு வறுத்து ஆறவைத்திருந்த மாவுக்கு மேலே, சோவென்று!

“அடியேய், மோட்டரை நிப்பாட்டடி! மாவெல்லாம் போச்சு!” என்று பெரியம்மா அலறினார்.

“ஐயோ அக்கா, இந்தா நிப்பாட்டிறன்!” என்று அம்மா ஓடினார்.

பேசிவிட்டது உறைத்ததும் இருவரும் விறுவிறென்று அவரவர் வீட்டுக்குள் புகுந்துகொண்டார்கள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. துள்ளிக் குதித்தேன், அம்மாவிடம் அடியும் வாங்கினேன்.

பெரியம்மாவின் தாங்கி எங்களுடையதைவிட ஒரு சாண் பதிவாக, தாழ்வாக நின்றதுதான் காரணம். உயர்த்தித் தரச் சொன்னால், “ஓம், நாளைக்கு வாறன்” என்பார் மாமா. வரவேயில்லை. ஆகவே ஒவ்வொரு காலையும் பெரியம்மா வேலியில் நின்று கூப்பிட, அம்மா பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பேச்சு மெல்ல நீண்டு, பலகாரத்துக்கு எவ்வளவு சீனி என்பதுவரை போனது.

ஒருநாள் பெரியம்மா கத்தினார்: “நிரம்பிட்டுது! அதோடை, வெள்ளிக்கிழமை கலியாணம். எல்லாரும் வந்திடுங்கோ!”

“வேலிக்கு மேலாலையோ கலியாணம் சொல்லுறது? வெக்கமில்லையோ அக்கா?” என்று ஏசிக்கொண்டே அம்மா அழுதார். பெரியம்மா ஈரக் கையோடு எங்கள் படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

கலியாண வீடு முழுக்க, மாமாவுக்கு அளக்கத் தெரியாது என்று சொல்லித் திரிந்தேன். அவர் சிரித்துக்கொண்டே என் இலையில் இன்னொரு வடை வைத்தார். தூண் கட்டிய அன்று, உயரம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயின் ஒரு முனையை எங்கள் பக்கம் பிடித்திருந்தது நான்தான். மறுமுனையைப் பார்த்துவிட்டு மாமா, “ஒரு சாண் குறையுது. சரியாத்தான் இருக்கு” என்றார்.

குறைந்தால் எப்படிச் சரியாகும்? மாமா கணக்கில் மக்கு என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.