நாற்பத்தொரு படிவங்கள்

என் நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் குடைச்சல். கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். லிஃப்ட் பொத்தானை மூன்று முறை அமுக்குவாள். நான் ஆசையாக வாங்கிவந்த மிக்ஸியை, மூடி போடாமல் ஓடுமா என்று முதல் நாளே தக்காளியைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. தப்பு தன் மேல் இல்லை, ஓடக்கூடாதபோது ஓடிய மிக்ஸி மேல்தான் என்று சாதித்தாள். சுவரைத் துடைத்தது நான்தான், அதை இன்னும் மறக்கவில்லை.

மருந்துக்கடையில் நாலு வருடம், காப்பீட்டு அலுவலகத்தில் மூன்று வருடம் இருந்து பார்த்தாள். இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. முப்பத்திரண்டு வயதில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஆறு மாதம் முடியும்போது கணினியில் நிரப்பச் சொல்லி ஒரு படிவம் அனுப்பினார்கள். திரையில் தெரிவதை எழுதும் ஃப்ரன்ட் எண்ட், திரைக்குப் பின்னால் ஓடுவதை எழுதும் பேக் எண்ட், மொபைல் ஆப், டேட்டா, மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிக்கும் டெஸ்டிங். இந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்தால் மூன்று வருடத்துக்கு மாற முடியாது. திங்கட்கிழமை கடைசி நாள்.

"இந்தத் தடவையும் தப்பாப் போச்சுன்னா, இன்னொரு தடவை மொதல்லேருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல அண்ணி," என்றாள். எப்போதும் துருதுருவென்று இருப்பவள் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். என் கணவர், அதாவது அவள் அண்ணன், பேக் எண்ட்தான் கெத்து என்று எங்கோ கேட்டுக்கொண்டு வந்து அதிலேயே ஒற்றைக்காலில் நின்றார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். மாமியார், எதுவானாலும் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்து எடுக்கச் சொன்னார். ஐந்துமே உட்கார்ந்து செய்கிற வேலைதான். அவளோடு பயிற்சியில் இருக்கும் ஒருவர் மட்டும், டெஸ்டிங் பக்கம் தலைவைத்தும் படுக்காதே, புரோகிராம் எழுத வராதவர்கள் ஒதுங்குகிற இடம் அது என்று எச்சரித்திருந்தார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஆனால் பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் என்னை யார் கேட்டார்கள்?

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, பெருமூச்சு விட்டபடி பேக் எண்டைத் தேர்ந்தெடுத்தாள். பெயரைச் சரிபார்க்க முந்தைய பக்கத்துக்குப் போய்த் திரும்பினாள். பேக் எண்ட் இருந்த இடத்தில் மொபைல் ஆப் என்று இருந்தது.

அவ்வளவுதான், முதுகு நிமிர்ந்துவிட்டது. படிவத்தை அனுப்பினால் என்ன பதிவானது என்று அவளுக்கு ஒரு நகல் வரும். அனுப்பினாள், பார்த்தாள், மறுபடி அனுப்பினாள். போய்த் திரும்பி அனுப்பினாள், போகாமல் அனுப்பினாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "பூனை பூனை பூனை" என்று போட்டாள். பிறந்த தேதிக்கு நாளைய தேதியைக் கொடுத்தாள், அதையும் அது வாங்கிக்கொண்டது. தட்டில் வைத்த தோசை காய்ந்து வறட்டியானது. நான் கத்தியது அவள் காதிலேயே விழவில்லை. கடைசியாக அனுப்புவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்து இரண்டு மணி நேரம் விளையாடினாள். அப்புறம் அம்மா கூப்பிட்டாள் என்று எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினாராம். அவருக்கு இவளிடமிருந்து மட்டும் நாற்பத்தொரு படிவம் வந்திருந்தது, பூனை உள்பட. வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். மேலாளரோ இவளுடைய படிவங்களை வைத்து மற்றவர்களுடையதையும் விசாரித்து முடித்திருந்தார். ஆறு பேருக்குக் கேட்டது ஒன்று, பதிவானது ஒன்று. டெஸ்டிங் பக்கம் போகாதே என்ற அந்த மகானுபாவர் பெயருக்கு நேரே டெஸ்டிங் என்றுதான் இருந்ததாம். இதைச் சொல்லும்போது அவளுக்கு வாயெல்லாம் பல்.

"நாப்பத்தொண்ணுல எதும்மா நீங்க நெஜமாக் கேட்டது?" என்று மேலாளர் கேட்டிருக்கிறார்.

இவள் யோசித்துப் பார்த்திருக்கிறாள். "எதுவுமே இல்ல மேடம். ஓட்டை கண்டுபிடிச்ச சந்தோஷத்துல அதக் கேக்கவே மறந்துட்டேன்."

சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் தானே அசந்துபோய் நின்றாளாம்.

புதன்கிழமை சரிசெய்த படிவம் வந்தது. அண்ணன் பின்னால் நின்று பேக் எண்ட், பேக் எண்ட் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவள் டெஸ்டிங்கைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை ஒருமுறை அமுக்கினாள். லேப்டாப்பை மூடிவிட்டு, பசிக்கிறது, தோசை இருக்கிறதா என்று கேட்டாள்.

நான் தோசைக் கரண்டியோடு காத்திருந்தேன். அவள் லேப்டாப்பை மறுபடி திறந்து சரிபார்க்கவேயில்லை.