விசைப்பலகையை விட்ட நாள்

கணினியில் தமிழ் தட்டச்சு செய்ய, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் ஒரு மென்பொருளை நாலைந்து பேர் பராமரித்து வந்தோம். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. சம்பளம் கிடையாது. ஆபீஸ் வேலை முடிந்தபின் திருமயத்தில் என் வீட்டிலிருந்தே செய்வேன். போன வருஷம் கணினிகளுக்கு வந்த ஓர் அப்டேட்டில், எங்கள் மென்பொருளில் கொம்பு போட்ட எழுத்துகளெல்லாம் உடைந்துபோயின.

அது தெரியவந்த அன்று அம்மாவுக்குப் புதுக்கோட்டையில் ஆபரேஷன். கிளம்பும்போது, பஸ் ஸ்டாண்டு அருகே டிடிபி கடை வைத்து, எங்கள் மென்பொருளில் தட்டச்சு செய்து தருபவர் வாசலில் நின்றார்.

"கல்யாணப் பத்திரிகைங்க. பொண்ணு பேரே ஒடஞ்சு வருது. இன்னிக்கே அச்சுக்குப் போகணும்."

"அம்மாவுக்கு ஆபரேஷன்ங்க. நாளைக்குப் பாத்துத் தாரேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "பாக்க முடியாதுன்னா எல்லாருக்கும் ஏங்க குடுத்தீங்க?"

பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். புதுக்கோட்டை சேர்வதற்குள் பிழை பிடிபட்டது. அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனதும் திருத்தி அனுப்பினேன். எங்களில் ஒருவர், வெளிநாட்டில் இருப்பவர், சரிபார்த்த பிறகுதான் எதுவும் வெளியாகும். அவர் எழுதினார்: 'வேலை செய்கிறது. ஆனால் நம் முறைப்படி இல்லை, மாற்றி எழுதவும்.'

ஆஸ்பத்திரி வராந்தாவில் சிக்னல் போய்விட்டது. மொட்டை மாடிக்கு ஏறினேன். கடைக்காரர் போன் அடித்துக்கொண்டே இருந்தார். தூங்குகிறீர்களா என்று யாரோ மென்பொருளின் இணையதளத்தில் கேட்டிருந்தார்கள்.

தங்கச்சி மேலே வந்தாள். "அக்கா, அம்மாவ வெளிய கொண்டாந்தாச்சு. ஒன்னையத்தான் கேட்டுச்சு."

"இந்தா வாரேன்."

"மாடிக்கு ஏறுறப்பவும் இதத்தான் சொன்ன."

அனுப்பிவிட்டு இறங்கியபோது அம்மா மறுபடி கண் அசந்திருந்தார். திருத்தம் வெளியானதும் கடைக்காரருக்குச் சொன்னேன். "அப்பவே வேற சாப்ட்வேர் ஒண்ண எறக்கி அடிச்சுட்டேங்க" என்றார். தளத்தில் அடுத்த புகார் வந்திருந்தது.

கோபம்கூட வரவில்லை. அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, விலகுகிறேன் என்று எங்கள் குழுவுக்கு எழுதினேன். சரிபார்ப்பவர் உடனே பதில் போட்டார்: 'நானும் இதே கடிதத்தைப் பலமுறை எழுதி அழித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்லியிருந்தால் நானே மாற்றியிருப்பேனே. அம்மா எப்படி இருக்கிறார்?'

சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அங்கே நாங்கள் பிழைகளைத் தவிர வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை. பிறகு, அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார் என்று மட்டும் எழுதினேன். குழுவுக்குத் திரும்பி வரச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் திரும்பிப் போகவில்லை.