சீதன வயலுக்கு உரக்காசு

உர மானியம் கொடுக்கிற உத்தியோகம் அன்னதானத்தில் கறி பரிமாறுவது மாதிரி. சமைத்தவனை யாரும் ஏசமாட்டார்கள், அகப்பை பிடித்தவனுக்குத்தான் ஏச்சு. கமநல சேவை நிலையங்களில் என்னைப்போல் மாரடிக்கும் உத்தியோகத்தர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் தென்மராட்சியில் எனக்கு விழுந்த ஏச்சில் பாதி, காசு கிடைக்கவில்லை என்பதற்காக விழுந்ததல்ல.

வரம்பில் நின்ற குற்றம்

பயிரை நேரில் பார்த்த பிறகுதான் நாங்கள் மானியத்துக்குச் சிபாரிசு செய்யலாம். மாரி மழைக்கு விதைத்த காலபோக நெல் முழங்காலளவு நின்ற நேரம், செல்லத்துரை ஐயாவின் வயலுக்குப் போனேன். காலில் புதுச் செருப்பு. சேற்றில் இறங்க மனமில்லாமல், வரம்பில் நின்றபடியே முழு வயலிலும் பயிர் நிற்கிறது என்று எழுதினேன். அவருக்கு லாபம், எனக்குச் செருப்பு மிச்சம். மனிதர் விடவில்லை. என்னைச் சேற்றில் இறக்கிக் கூட்டிப்போய், கடல்நீரேரிப் பக்க மூலையில் உவர் ஏறி வெறுமையாய்க் கிடந்த துண்டைக் காட்டினார்.

“உதைக் கழிச்சு எழுது பிள்ளை. முளைக்காத துண்டுக்கு உரக்காசு வாங்கினால், முளைச்ச துண்டும் என்னை மதியாது.”

யாருடைய கணக்குக்கு?

மானியக் காசு, வயலைச் செய்கிறவரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். செல்லத்துரை ஐயாவோ மகள் வதனியின் வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். வதனி வல்வெட்டித்துறையில் ஒரு கடற்றொழிலாளியைக் கட்டியிருப்பவள். அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வயலைத்தான் இவர் இன்னும் உழுது விதைக்கிறார்.

“ஐயா, சட்டப்படி இது உங்களுக்குரிய காசு” என்றேன். தன் பெயருக்குக் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று நின்றார். உரம் காணாமல் நெல் மஞ்சள் அடிக்கத் தொடங்கியிருந்தது. இரண்டாம் உரம் வாங்க அவர் கையில் வேறு காசில்லை. வெள்ளிக்கிழமையோடு எங்கள் பட்டியலும் மூடிவிடும். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. இப்படியும் ஒரு மனிதரா என்று உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

“பயிர் செத்தால் சாகட்டும். குடுத்த சீதனத்தைத் திருப்பிச் சுரண்டினவன் எண்டு ஊர் என்னைக் கதைக்கக் கூடாது!”

மகள் வந்தாள்

எனக்கு வேறு வழி தெரியவில்லை. வதனிக்குப் போன் எடுத்தேன். வெள்ளி காலை, கருவாட்டுப் பார்சலோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். தகப்பனை எங்கள் கந்தோருக்கே இழுத்துவந்து, என் மேசைக்கு முன்னால் இருத்தி, பேனையை அவர் கையில் திணித்தாள். வரிசையில் நின்ற சனம் முழுக்க எட்டி எட்டிப் பார்த்தது.

“அப்பா, காணியைத்தான் எனக்குச் சீதனமாத் தந்தனீங்கள். உங்கடை முதுகு முறியிற பாட்டையுமோ எழுதித் தந்தனீங்கள்? வையுங்கோ கையெழுத்தை!”

பெரியவர் வந்த நாள்

கையெழுத்து விழுந்தது, உரமும் விழுந்தது, மழையும் கைகொடுத்தது. கதிர் தள்ளும் சமயம் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் மேலதிகாரி வயல் பார்க்க வந்தார். இந்த முறை நான் வெறுங்காலோடு முன்னால் நடந்தேன். கரும்பச்சையாய் நின்ற நெல்லைப் பார்த்து வியந்துபோய், இது யாருடைய வயல் என்று கேட்டார். செல்லத்துரை ஐயா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“காணி மகளின்ரை, ஐயா. உந்தப் பச்சை என்ரை.”

மானியத்தைச் சுருட்டுகிறவர்களைப் பிடிக்க அரசாங்கம் எனக்குப் பயிற்சி தந்தது. வேண்டாம் என்று ஓடுகிறவர்களைப் பிடித்து இருத்திக் கொடுக்க நானாகத்தான் பழக வேண்டியிருந்தது.