புதுவாயல் நெடுஞ்சாலையில் நின்றிருந்த என் விமானம்

தலைப்புகளாகப் பிரித்துக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. ஆகவே முதலில் பட்டியல்:

1. ஏன் கிளம்பினேன்
2. செலவும் வழியும்
3. விமானம் மூன்று முறை இடம் மாறியது
4. அதற்கு என் மறதி காரணமல்ல என்பதற்கான ஆதாரம்
5. உங்களுக்குச் சில யோசனைகள்

எனக்கு வயது எழுபத்திரண்டு. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் முப்பத்தொரு ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். விமானம் ஏறியதில்லை, பயம். போன ஆண்டு என் அண்ணன் இறந்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதன்பின் மூக்குக்கண்ணாடியைத் தேடினால்கூட எனக்கும் அதுதானோ என்று தோன்ற ஆரம்பித்தது.

அதனால் எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்தேன். வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டி உலகைச் சுற்றுவது. விமானத்தை எந்த ஊரில், விமான நிலையத்தின் எந்த வாயிலில் நிறுத்தினேன் என்று குறிப்பேட்டில் எழுதி மூடிவிட வேண்டும். அடுத்த முறை நினைவிலிருந்து சொல்லிவிட்டு, குறிப்பேட்டையும் திரையையும் பார்க்க வேண்டும். நிறுத்திய இடத்திலேயே விமானம் மறுபடி தோன்றும்படி மென்பொருளை அமைத்திருந்தேன்.

கணினி 92,000 ரூபாய், விமானத்தை இயக்கும் பிடி (ஜாய்ஸ்டிக்) 5,400, மின்வெட்டுக்கான பேட்டரி 6,800. சென்னை, மஸ்கட், ஏதென்ஸ், ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக், அமெரிக்கா, ஜப்பான், மணிலா, கொழும்பு, மறுபடி சென்னை. பதினான்கு கட்டங்கள், நாற்பத்தொரு நாட்கள், 52 மணி நேரம். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள் ஓட்டி முடிப்பேன். சாப்பிட்டு, இரண்டரையிலிருந்து நாலரை வரை தூக்கம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த உலகில் மனிதர்கள் இல்லை. ஏதென்ஸில் விளக்குகள் எரிந்தன, கார்கள் ஓடின, கார்களுக்குள் யாரும் இல்லை. எங்கள் வீட்டு ஜன்னல் பக்கத்து ஆலைச் சத்தத்தில் அதிரும்போது அந்த ஊரே அதிர்வதுபோல் இருக்கும்.

ஏதென்ஸில் நிறுத்திய விமானம், மறுநாள் சைப்ரஸில் நின்றது. குறிப்பேட்டில் ஏதென்ஸ், வாயில் 14. என் நினைவிலும் அதுவே. ரெய்க்யவிக்கில் விட்டது நார்வேயில் கிடந்தது. இரண்டு முறையும் கிழக்கே, நம் ஊர்த் திசையில்.

மனைவி கமலாவிடம் கேட்டேன்.

"கம்ப்யூட்டர நீ தொட்டியா?"

"நான் இன்னாத்துக்குத் தொடப்போறேன்? எனக்கு டிவி ரிமோட்டே பேஜாரு."

மூன்றாவது முறை இன்னும் மோசம். கொழும்பில் நிறுத்தியது, எங்கள் ஊரான புதுவாயலின் கூட்டுரோட்டில், கல்கத்தா நெடுஞ்சாலை நடுவே நின்றது. லாரி இல்லை. கடைகள் வெறும் பெட்டிகளாக, பெயர்ப்பலகை இல்லாமல். விமானத்தின் மூக்கு எங்கள் தெருவைப் பார்த்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

கணினி பழுது பார்க்கும் டில்லி என்பவரை வரவழைத்தேன். அவர் பயணப் பதிவைத் திறந்து காட்டினார்: கொழும்பிலிருந்து பிற்பகல் 3.05க்குப் புறப்பாடு, 4.31க்குத் தரையிறக்கம்.

"பேய் கீய் இல்ல சார். யாரோ ஓட்டிக்கீறாங்க. பேயாவே இருந்தாலும் நம்ம பேய் சார், ரோட்ல நேரா எறக்கிக்கீது பாருங்க!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும் என் ஆதாரம் வலுவானதென்று நம்பினேன். ஓட்டினால் எழுதாமல் நாற்காலியை விட்டு எழமாட்டேன்; முப்பத்தொரு ஆண்டுப் பழக்கம். குறிப்பேட்டில் அந்த மூன்று பயணங்களும் இல்லை. ஆகவே ஓட்டியது நானல்ல.

இதுவரை நேற்றே எழுதிவிட்டேன். இன்று காலை, சரிபார்ப்பதற்காக, கமலாவிடம் வேறு விதமாகக் கேட்டேன்.

"அன்னிக்கு மூணு மணிக்கு அந்த அறையில யாரையாவது பார்த்தியா?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்களத்தான் பார்த்தேன். டீ கொண்டாந்து வச்சேன், குடிக்கல. எங்க போறீங்கன்னேன். ஊட்டுக்குன்னீங்க. ஊட்லதான கீறீங்கன்னேன். என்ன யாரோ மாதிரி பாத்து, சிரிச்சீங்க."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும் அதே ஊட்டுக்குத்தான்."

"ஏன் சொல்லல?"

"தொட்டியான்னுதான கேட்டீங்க? உங்க அண்ணனும் இப்படித்தான் ஊட்டுக்குப் போவணும்னு சொல்லிக்கினு இருந்தாரு. நானா எப்படிங்க வாயத் தொறந்து சொல்லுவேன்?"

ஐந்தாவது தலைப்பில், எந்தப் பிடி வாங்கலாம், எவ்வளவு இணையம் செலவாகும் என்றெல்லாம் எழுத நினைத்திருந்தேன். இப்போது இரண்டே யோசனைகள். நீண்ட கட்டங்களை இரண்டாகப் பிரியுங்கள். நான்கு மணி நேரம் இடுப்பு தாங்காது. குறிப்பேட்டோடு நிற்காமல், கூட இருப்பவரிடமும் கேளுங்கள், சரியான கேள்வியாக.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு இருவரும் திருவள்ளூருக்கு டாக்டரைப் பார்க்கக் கிளம்புகிறோம். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு என்று கமலா சொல்லியிருக்கிறாள். திரும்பி வரும் வழியை அவள் பார்த்துக்கொள்வாளாம்.

பட்டியலில் நான்காவது தலைப்பு தவறு. அதை அடிக்கவில்லை. எழுதியபோது அப்படித்தான் நம்பினேன்.