இரண்டு மணிக்குக் கிளம்பியவள்

அடையாற்றில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில், பத்துப் படுக்கைகள் கொண்ட டயாலிசிஸ் நிலையம் ஒன்று இருக்கிறது. ஜோதிலட்சுமிக்கு அங்கே காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை வேலை. நியமனக் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் போன ஆடி மாதத்திலிருந்து மாசி வரைக்கும் அவள் ஒரு நாள்கூட இரண்டு மணிக்கு அந்த மாடிப்படி இறங்கியதில்லை.

அந்த நிலையத்துக்கு அவள் முதலில் வந்தது தரை துடைக்க. அப்போது பத்தொன்பது வயது. ப்ளஸ் டூ முடித்திருந்தாள். வீடு ஆற்றோரக் குடியிருப்பில், நடந்தால் பத்து நிமிஷம். மூன்று வருஷம் மாப்பும் பினாயிலுமாக இருந்தவளை, நிலையத்தைத் தொடங்கிய பெரிய டாக்டர் டிப்ளமா படிக்க அனுப்பினார். படித்து முடித்து அதே அறைக்கு டெக்னீஷியனாகத் திரும்பி வந்தாள். "இங்க கொஞ்சம் துடைம்மா" என்றவர்கள் "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். அதை அவள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. யாராவது லீவு போட்டால் ஜோதிதான் வருவாள். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் மக்கர் செய்தாலும் ஜோதிக்குத்தான் போன். பத்தாவது நிமிஷம் வந்து நிற்பாள்.

பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்து வீடுகளை இடித்துவிட்டு, அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். ஜோதிக்கும் அவள் புருஷன் சேட்டுவுக்கும் ஆறாவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது. பத்து நிமிஷமாக இருந்தது ஒன்றரை மணி நேரமாயிற்று. காலை ஆறு மணி வேலைக்கு நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நிலையத்தில் யாருக்கும் இது மனதில் பதியவே இல்லை. ஜோதி கூப்பிட்டால் வருகிறவள் என்பது மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பெரிய டாக்டர் உடம்பு முடியாமல் வருவதை நிறுத்திய பிறகு, எல்லாம் மேனேஜர் ராகவேந்திரன் கைக்கு வந்தது. குரல் உயர்த்தாத மனிதர். மதிய வேலைக்கு இருந்த இரண்டு டெக்னீஷியன்களில் ஒருத்தி ஆடி மாதம் கல்யாணமாகி கோயம்புத்தூர் போனாள். மிஞ்சியது உம்மே ஹானி மட்டும். இருபத்து நாலு வயதுப் பெண், தனியாக, பத்து இயந்திரங்களுக்கு.

"ரெண்டே வாரம் ஜோதிம்மா. மூணு மணி பேட்ச்ச போட்டு விட்டுட்டுக் கிளம்புங்க. ஆள் பாத்துட்டே இருக்கேன்" என்றார் ராகவேந்திரன்.

மூன்று மணிக்கு வரும் நோயாளிகளை இயந்திரங்களில் இணைத்து முடிக்க நாலாகும். நாலு மணிக்கு யாருக்காவது பிரஷர் இறங்கும். ஹானி ஒருத்தியிடம் விட்டுவிட்டுப் போக மனசு வராது. ஆறாகும். அதற்குப் பிறகு பஸ்ஸில் உட்கார இடமிருக்காது. இரண்டு வாரம் ஏழு மாதமாயிற்று. கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் என்ற பேச்சே எழவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை என்பதுதான் உண்மை. வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருவாள். பத்தாவது படிக்கும் மகள் நிஷா தட்டில் சோறு போட்டுக் கையில் கொடுப்பாள். பாதி சாப்பாட்டில் கண் சொருகும்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமைதான் அது நடந்தது.

மூன்று மணி பேட்ச்சில் மயிலாப்பூரிலிருந்து வரும் விசாலாக்ஷி என்று ஒரு அம்மாள். அறுபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு. டயாலிசிஸுக்கு வருகிறவர்களை முதலில் எடை பார்ப்பார்கள். போன தடவைக்குப் பிறகு உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டு, அவ்வளவை எடுக்கும்படி இயந்திரத்தில் எண்ணைப் பதிவு செய்வார்கள். அன்றைக்கு விசாலாக்ஷிக்கு எடுக்க வேண்டியது ஒண்ணே முக்கால் லிட்டர். பக்கத்துப் படுக்கை மெஹபூப் அலிக்கு மூன்றரை. ஜோதி விசாலாக்ஷியின் இயந்திரத்தில் மூன்றரை என்று பதிவு செய்தாள். இரண்டு முறை பார்த்தாள். பார்த்தும் கண்ணுக்குத் தப்பாகத் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு விசாலாக்ஷி, "ஜோதி, காது அடைச்சுண்டு வரது. கால் இழுக்கறது" என்றார். அடுத்த நிமிஷம் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது. ஜோதி ஓடிவந்து கட்டிலின் கால் பக்கத்தை உயர்த்தினாள், நீர் எடுப்பதை நிறுத்தினாள், சலைன் ஏற்றினாள். ஹானி டியூட்டி டாக்டரைக் கூட்டி வந்தாள். இருபது நிமிஷத்தில் பிரஷர் ஏறியது. அப்போதுதான் ஜோதி இயந்திரத்தின் திரையிலிருந்த எண்ணைப் பார்த்தாள். மூன்றரை. மெஹபூப் அலியின் எண்.

டாக்டரிடம் அவளே சொன்னாள். விசாலாக்ஷியிடமும் சொன்னாள். "என் தப்பு மாமி. நம்பர மாத்திப் போட்டுட்டேன்."

விசாலாக்ஷி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "இனிமே நீ என் மெஷினத் தொடாதே" என்று மட்டும் சொன்னார்.

சம்பவங்களை எழுத ஒரு ரிஜிஸ்டர் உண்டு. ஜோதி நடந்ததை வரி வரியாக எழுதினாள். கடைசியில், 'தவறு செய்தபோது நான் வேலைக்கு வந்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. கண்டுபிடித்தபோது பதினோரு மணி நேரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ராகவேந்திரன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரியாயிடுச்சு இல்ல. எழுதுங்க, வேணாங்கல. இந்த மணி நேரக் கணக்கெல்லாம் எதுக்கும்மா?"

"அதுவும் நடந்ததுதான் சார்."

அவர் ரிஜிஸ்டரை மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டே, சேட்டுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஏ.சி. மெக்கானிக். முதலாளி சரியில்லை என்றால் அடுத்த நாளே வேறு கடைக்குப் போகிறவன்.

"வுட்டு நின்னுடு. இந்த வேல வேற எங்கியும் இல்லையா இன்னா?"

"கீது. அங்கியும் ஆள் பத்தாது. எங்க போனாலும் இதே கததான்."

"அப்போ இன்னா பண்ணப் போற?"

"ரெண்டு மணிக்கு வூட்டுக்கு வரப் போறேன்."

சேட்டு சிரித்தான். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அதச் சொல்லத்தான் ஏழு மாசமா வாய் வர்ல."

அன்று மாலை நிஷாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். ராஜினாமா அல்ல. 'பங்குனி முதல் திங்கட்கிழமையிலிருந்து என் வேலை நேரமான இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவேன். காலை பேட்ச்சுகளில் ஒரு குறையும் இருக்காது. எட்டு மணி நேரத்துக்கு மேல் என் கையை எனக்கே நம்ப முடியவில்லை. ஏற்பாடு செய்துகொள்ள வசதியாக இப்போதே தெரிவிக்கிறேன்.' இரண்டு வாரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. நிஷா ஒற்றெழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தாள்.

ராகவேந்திரன் கோபப்பட்டிருந்தால் ஜோதிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வருத்தப்பட்டார்.

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படிம்மா? இந்த எடம் உங்கள எங்கேர்ந்து எங்க கொண்டாந்து வெச்சிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க."

அந்தப் பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை அவர் பார்த்ததே இல்லை. அவர் அதற்கப்புறம் வந்தவர்.

"மறக்கல சார். அதனாலதான் முன்கூட்டியே சொல்றேன்."

அதற்குப் பிறகு நோயாளிகள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். மெஹபூப் அலி, அவள் கையைப் பார்த்துக்கொண்டே, "சிஸ்டர், எங்கள வுட்டுட்டுப் போறீங்களாமே. மேனேஜர் சொன்னாரு" என்றார்.

"எங்கியும் போல பாய். ரெண்டு மணிக்கு வூட்டுக்குப் போறேன். காலைல இங்கதான் இருப்பேன்."

"அப்போ மூணு மணிக்கு வர்ற எங்களுக்கு யாரு?"

"அத அவரத்தான் கேக்கணும் பாய்" என்றாள். சொன்ன பிறகு, தப்பித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அன்று முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஹானியிடம் பேசியது இன்னும் கஷ்டம். சாப்பாட்டு வேளையில், ஸ்டோர் ரூமில், அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க போயிட்டா பத்து பேர நான் எப்படிக்கா பாப்பேன்?"

"பத்து பேரப் போடாத. ஒருத்தியால நாலு மெஷின்தான் பாக்க முடியும். நாலு போடு. மீதிக்கு ஆள் குடுங்கன்னு சொல்லு."

"வேலைய வுட்டுத் தூக்கிடுவாரு."

"உன்னையும் தூக்கிட்டா மத்தியானம் யாரு இருக்கா?"

ஹானி டிபன் பாக்ஸை மூடினாள். நம்பியதாகத் தெரியவில்லை. ஜோதிக்குமே அதில் முழு நம்பிக்கை இல்லை.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. புது ஆள் யாரும் வரவில்லை. கடைசி நிமிஷத்தில் அவள் இளகிவிடுவாள் என்று ராகவேந்திரன் நினைத்திருக்க வேண்டும். ஒண்ணே முக்காலுக்கு ஜோதி ஒவ்வொரு படுக்கையாக ஹானியை அழைத்துப்போய், மூன்று மணிக்கு வருகிறவர்களில் யாருக்கு வழக்கமாக எவ்வளவு நீர் எடுக்க வேண்டியிருக்கும், யாருக்குப் பிரஷர் இறங்கும், எந்த இயந்திரம் சும்மா கத்தும் என்று சொல்லி, எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுத்தாள். இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டாள். வெளியே நாற்காலிகளில் மூன்று மணிக்காரர்கள் இரண்டு பேர் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அவளைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்தார். மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. கைப்பையில் போன் நாலு முறை அடித்தது. எடுத்தால் திரும்பிப் போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரியும், எடுக்கவில்லை. பெரும்பாக்கம் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. அதிலும் ஏறவில்லை. மூன்றே கால் வரைக்கும், போன இடத்திலிருந்து துரத்திவிடப்பட்டவள் போல, அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது பஸ்ஸில்தான் ஏறினாள்.

ஹானி அன்று ஆறு பேரைப் போட்டாள். நாலு போடத் துணியவில்லை, பத்து போடவும் மறுத்துவிட்டாள். நாலு பேர் வீடு திரும்பி, மறுநாள் காலை வந்து சத்தம் போட்டார்கள். சத்தம் பாதி ஜோதி மேல், பாதி ராகவேந்திரன் மேல். ஒரு வாரம் இப்படியே போயிற்று. பிறகு ராகவேந்திரன் மதிய பேட்ச்சைக் குறைத்தார். சிலரை வேறு நிலையத்துக்கு அனுப்பினார், மெஹபூப் அலி திருவான்மியூருக்குப் போனார். சிலரைக் காலை பேட்ச்சில் காலியான படுக்கைகளில் சேர்த்தார்.

அப்படிக் காலை ஆறு மணிக்கு மாற்றப்பட்டவர்களில் ஒருவர் விசாலாக்ஷி. விடிவதற்கு முன்னால் ஆட்டோ பிடித்து வந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் மற்ற டெக்னீஷியன்களுக்கு அவரவர் படுக்கைகள் இருந்தன, அந்த வரிசைக்கு ஜோதிதான். ஜோதி ஊசியை எடுத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"வேற யாராவது வேணும்னா, டாக்டர் வந்ததும் கேக்கறேன் மாமி."

"ஆத்துல நாலு மணிக்கு எழுந்து கெளம்ப வேண்டியிருக்கு, உன்னால" என்றார் விசாலாக்ஷி. "உன் மேல கோபம் இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"சரி மாமி."

"ஆனா அன்னிக்கு மத்தியானம் உன் கண்ணப் பாத்தேன். தூங்கிண்டே நின்னுண்டிருந்தே. அதையும் நான் சொல்லணும், இல்லையா." கையை நீட்டினார். "நம்பர வாய்விட்டுச் சொல்லிட்டுப் போடு. நானும் கேட்டுக்கறேன்."

ஜோதி எடையைச் சொன்னாள், போன தடவை எடையைக் கழித்துச் சொன்னாள், பதிவு செய்த எண்ணைச் சொன்னாள். விசாலாக்ஷி மூன்றையும் மனசுக்குள் சரிபார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து எல்லாப் படுக்கையிலும் அவள் எண்ணை வாய்விட்டே சொல்கிறாள். சிலருக்கு அது பிடிக்கவில்லை.

வைகாசியில் மதியத்துக்கு ஒரு புதுப் பெண் வந்தாள், ஸ்ரீலக்ஷ்மி என்று. அந்த வருஷம் சம்பள உயர்வுப் பட்டியலில் ஜோதி பெயர் இல்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை, ராகவேந்திரனும் சொல்லவில்லை. இருவரும் காலையில் வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள்.

இப்போது அவள் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அந்த நேரத்தை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று சேட்டு ஒரு நாள் கேட்டான். தையல் கற்றுக்கொள்ளலாம், நிஷாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்றெல்லாம் அவளும் நினைத்ததுண்டு. ஒன்றும் நடக்கவில்லை. முகம் கழுவிவிட்டு, மின்விசிறிக்கு நேராகப் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வாள். ஆறு மணிக்கு நிஷா வந்து தண்ணீர் பிடிக்க எழுப்புவாள். அதுவரைக்கும் தூங்குவாள்.