தரை எந்தப் பக்கம் என்று அறிந்த கல்

என் அக்கா போன மாதம் இறந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களில் பலர், "அவங்க என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டார்கள். கடிகாரம் மாதிரி ஏதோ செய்கிற கம்பெனியில் என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன பிறகு ஒவ்வொரு முறையும் மனசு உறுத்தியது. அது கடிகாரம் மாதிரி இல்லை.

அவள் வேலை ஒரு கல்லோடு. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் தகடு. மின்சாரம் கொடுத்தால் நொடிக்கு ஒரு கோடி முறை அதிரும். அதை உலோகக் குப்பிக்குள் அடைத்து, குப்பியை எப்போதும் ஒரே சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைப்பார்கள். பெட்டிக்குப் பெயர் ஆசிலேட்டர். ரேடாரும் ரேடியோவும் அந்த அதிர்வை நம்பித்தான் நடக்கின்றன.

ஒருநாள் அவள் வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். அங்கிருந்த கருவி ஒன்றுகூட எனக்குப் புரியவில்லை.

"வந்ததுதான் வந்தே, ஒண்ணு காட்டறேன்" என்றாள். ஒரு சட்டத்தில் பெட்டியைத் திருகி வைத்திருந்தார்கள். பக்கத்துத் திரையில் நீளமான ஓர் எண். "கடைசி ரெண்டு இலக்கத்தை மட்டும் பாரு."

சட்டத்தை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினாள். கடைசி இலக்கங்கள் மாறின.

"என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலை. தலைகீழா வச்சேன்."

"அதுக்கேவா?"

"அதுக்கேதான். அதோட சொந்த எடையே இப்ப வேற பக்கமா அதை அமுக்குது. கல்லுக்குத் தரை எந்தப் பக்கம்னு தெரியும்டி."

மறுபடி திருப்பச் சொன்னேன். எண் பழைய இடத்துக்கு வந்தது. இன்னொரு முறை. மறுபடி மாறியது. ஒரு கோடி அதிர்வில், ஓர் அதிர்வின் ஐம்பதில் ஒரு பங்குதான் மாறியதாம். இந்தப் பெரிய பூமி அந்தச் சின்னத் தகட்டைப் பிடித்து இழுப்பதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

"வாயை மூடு, ஈ போயிடப் போகுது" என்றாள் அக்கா.

அத்தான் மீட்பு ஹெலிகாப்டரில் கயிறு இறக்குகிறவர். கடலில் தவிப்பவர்களைத் தூக்கி எடுக்கும் வேலை. ஒரு மழைக்காலத்தில், கவிழ்ந்த படகிலிருந்து ரப்பர் தெப்பத்துக்கு மாறிய இரண்டு பேரைத் தேடிப் போனார்கள். விடியும்வரை தேடினார்கள். தெப்பம் மறுநாள் கரை ஒதுங்கியது. அதில் யாரும் இல்லை. பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஹெலிகாப்டர் இரவிலேயே தெப்பத்துக்கு நேர்மேலே போயிருந்தது தெரிந்தது.

அன்று நானும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். அத்தான் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"ரேடாருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. வண்டி ஆடற ஆட்டத்துல திரை பூரா புள்ளி புள்ளியா நிறைஞ்சுடுது. வேகமா போற கப்பல் தெரியும். சும்மா மிதக்கிறது எதுவும் தெரியாது."

அக்கா கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தாள். "ஆடும்போது தெரியலையா, எப்பவுமே தெரியலையா?"

"தரையில நிக்கும்போது பளிச்சுனு தெரியுது."

"அப்போ அது நம்ம கல்லுதாங்க" என்றாள்.

கல்லைத் தலைகீழாக்கினாலே எண் மாறும் என்றால், ஹெலிகாப்டர் அதை ஒவ்வொரு நொடியும் மேலும் கீழும் ஆட்டும்போது என்ன ஆகும்? எண் இப்படியும் அப்படியுமாகத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம்தான் திரையில் புள்ளிகளாக இறைந்து, மெதுவாக நகரும் தெப்பத்தை மூடிவிட்டது. அந்த ரேடாருக்கு ஆசிலேட்டர் கொடுத்தது அவளுடைய கம்பெனிதான்.

அவளிடம் ஒரு யோசனை இருந்தது. ஒவ்வொரு கல்லும் ஒரு குறிப்பிட்ட திசையில் அமுக்கினால் அதிகமாக உணரும். ஒரே அளவு உணர்கிற இரண்டு கற்களைத் தேடிப் பிடித்து, எதிரெதிராக உட்கார வைத்து, சேர்ந்து அதிர விட்டால், ஒன்று கூட்டுவதை மற்றது குறைத்துவிடும்.

"நம்ம அப்பா அம்மா மாதிரி" என்றேன்.

"அவங்க ரெண்டு பேரும் கூட்டத்தான் செஞ்சாங்க" என்றாள்.

அவள் பிரிவின் தலைவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். எதையும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார். "அடுத்த மழைக்காலத்துக்குள்ள புதுசு ஜெயிச்சா அதை மாட்டுவோம். இல்லேன்னா பழசுதான் போகும். வேற வழியில்லம்மா" என்றார். பழசு போனால் என்ன ஆகும் என்று அக்காவுக்கு அத்தானின் முகத்தைப் பார்த்தே தெரியும்.

கல் கல்லாகத் தலைகீழாக்கி அளந்தார்கள். ஜோடி சேர்த்தார்கள். ஹெலிகாப்டர் மாதிரியே ஆட்டிப் பார்க்கிற குலுக்கும் மேசையில் ஏற்றினால் பாதி ஜோடிகள் தனிக்கல்லைவிட மோசமாகத் தள்ளாடின. மறுபடி அளந்தார்கள், இன்னும் கவனமாக. மறுபடியும் அதே கதை. வீட்டுக்கு வந்தாலும் அக்காவுக்கு அதே நினைப்புதான். டம்ளரை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்ப்பாள், நிமிர்த்துவாள். "தண்ணி குடிக்கிறதுன்னா குடி, இல்லேன்னா அதை விட்டுடு" என்பார் அத்தான்.

அளக்கிற இடத்தில் அவளோடு வேலை பார்த்த பெண்ணை எல்லோரும் அவசரக்குடுக்கை என்பார்கள். பெட்டியைத் திருப்பியதும் எண் கொஞ்ச நேரம் ஊர்ந்துகொண்டே இருக்கும். அது அடங்கிய பிறகே எழுத வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் சட்டம். பொறுமைதான் அங்கே நல்ல வேலைக்கு அடையாளம். அந்தப் பெண்ணுக்கு அது வராது.

ஒரு சாயங்காலம் அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பெட்டியைத் திருப்பினாள், எண்ணை எழுதினாள், மறுபடி திருப்பினாள், எழுதினாள்.

"ஏய், அது அடங்கவே இல்லையே" என்றாள் அக்கா.

"பஸ் போயிடும்க்கா. ஒரு நாளைக்கு இது போதும்."

"போதாது. உட்காரு, திரும்ப எடு."

முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள். பொறுமையாக எடுத்தபோது வேறு எண் வந்தது. கொஞ்சநஞ்சம் வித்தியாசம் இல்லை, அந்தக் கல்லின் திசையே மாறியிருந்தது. அக்கா அவசர எண்ணையும் பொறுமை எண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பெட்டியின் சூடு ஒரே அளவுதான் என்றாலும், உள்ளே எல்லா மூலையிலும் அது ஒரே அளவாக இருக்காது. தலைகீழாக்கினால் உள்ளே வெப்பக் காற்று மெல்ல மெல்ல இடம் மாறும். எண் ஊர்ந்தது அதனால். கல்லைப் பூமி இழுப்பதோ திருப்பிய கணத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அடங்கட்டும் என்று காத்திருந்து காத்திருந்து, அவர்கள் இழுவிசையோடு சூட்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். குலுக்கும் மேசையில் சூட்டுக்கு இடம் மாற நேரமே கிடையாது. அதனால்தான் ஜோடிகள் காலை வாரிவிட்டன.

"இனிமே எல்லாக் கல்லையும் நீதான் அளக்கணும். உன் இஷ்டத்துக்கு, எவ்வளவு அவசரமா வேணும்னாலும்" என்றாள் அக்கா.

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. எனக்கு பஸ்ஸும் போச்சு."

"நான் ஆட்டோவுல கொண்டு விடறேன், வா."

புது ஜோடியை மேசையில் ஏற்றிய அன்று நடந்ததை அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறாள். மேசை உறுமியது. மேலே வைத்திருந்த திருகாணிகள் குதித்துக் கீழே விழுந்தன. தராசு காதைப் பொத்திக்கொண்டார். திரையில் மலை மலையாக எழும்ப வேண்டிய இடத்தில் கோடு தரையோடு கிடந்தது. மேசை ஓடவில்லையோ என்று தராசு குனிந்து தொட்டுப் பார்த்தார். தொட்டவரின் கை நடுங்கியது, மேசையின் அதிர்வில். அவர் எதையும் நிறுத்துப் பார்க்காமல் "மாட்டிடுங்க" என்றாராம்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் அத்தான் நனைந்த உடையோடு வந்தார். நானும் இருந்தேன்.

"திரையில ஒரு புள்ளி, அலையோட போகாம தனியா நகர்ந்துச்சு. கீழ இறங்கிப் பார்த்தா தெப்பம். மூணு பேர். ஒருத்தன் சட்டையைக் கழட்டி ஆட்டிட்டு இருந்தான்."

"திரை சுத்தமா இருந்துச்சா?" என்றாள் அக்கா.

"மூணு உசிரைச் சொல்றேன், இவ திரையைக் கேக்கறா."

அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. உள்ளே போய்ப் பார்த்தேன். கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"மூணு பேர்டி" என்றாள். அவ்வளவுதான்.

அத்தான் இப்போது மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். நேற்று அந்த ஹெலிகாப்டர் எங்கள் தெருவுக்கு மேலே கடல் பக்கம் போனது. ஜன்னல் கதவு கடகடத்தது, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. அத்தனை ஆட்டத்துக்கும் நடுவில், அக்கா எதிரெதிராக உட்கார வைத்த இரண்டு கற்கள், மேல் எது கீழ் எது என்ற கவலை இல்லாமல், எண்ணிக்கை பிசகாமல் போய்க்கொண்டிருந்தன.