அப்பா வாங்கிய மனையில் ஒரு கல்வட்டம்

நான் தொல்லியல் எம்.ஏ. சேர்ந்து இரண்டாம் வருடமாகியும், என்ன படிக்கிறாய் என்று அப்பா ஒரு வார்த்தை கேட்டதில்லை. செங்கல்பட்டிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய்வருவேன். சொந்தக்காரர்கள் விசாரித்தால் பேச்சை மாற்றிவிடுவார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதுவும் மரத்துப்போனது.

அவர் கவலை வேறு. காலமெல்லாம் வாடகை வீடு. ஓய்வு பெறுவதற்குள் சொந்தமாகக் கட்டிவிட வேண்டும் என்று திருக்கழுக்குன்றம் போகிற வழியில் ஒரு மனை வாங்கியிருந்தார். பூமி பூஜைக்கு நாள் குறித்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். முள்ளை வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். நட்டநடுவில், பாதி புதைந்த பாறைகள் வட்டமாக நின்றன. நான் கிட்டே போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னாம்மா கல்லு இது? நீ படிக்கிறதுல வருதா?"

அடேயப்பா, கேட்டுவிட்டார்!

"வருதுப்பா. கல்வட்டம். இரும்புக் காலத்துல செத்தவங்களைப் புதைச்ச எடம்" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. நடுவில் சுட்ட மண்ணால் செய்த நீளப் பெட்டி இருக்கும், அதற்கு வரிசையாகக் குட்டைக் கால்கள் இருக்கும், சுற்றிப் பானைகள் இருக்கும் என்றேன். அப்பா குந்தி உட்கார்ந்து கேட்டார். சந்தேகம்கூடக் கேட்டார்.

"எவ்ளோ ஆழத்துல கீது?"

"இடுப்புக்குக் கொஞ்சம் கீழ இருக்கும்ப்பா."

"ஒண்ணுதான் கீதா?"

"அநேகமா ஒண்ணுதான். எங்க சார்கிட்ட சொல்லணும்ப்பா."

"சொல்லலாம், சொல்லலாம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு வந்த சந்தோஷம் எனக்குப் பட்டம் வாங்கினாலும் வராது.

மறுநாள் காலையில் அப்பாவைக் காணோம். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "விஷயம் வெளிய தெரிஞ்சா அங்க வூடு கட்டவே வுட மாட்டாங்களாமே? ஜேசிபிய கூட்டினு போயிருக்காரு."

பஸ் பிடித்துப் போனேன். வழியில் என்ன நினைத்தேன் என்று இன்றும் ஞாபகமில்லை.

பாறைகளெல்லாம் வேலியோரம் குவிந்து கிடந்தன. நடுவில் குழி. தோண்டிப் போட்ட மண்ணில் சிவப்பு ஓட்டுத் துண்டுகள். பெட்டியின் கால் ஒன்று உடையாமல் கிடந்தது. எடுத்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. ஈர மண் விரலில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஜேசிபி ஓட்டுகிறவர் தலையை நீட்டினார். "இன்னா சார், இன்னும் நோண்டவா?"

அப்பா என் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

"போதும்ப்பா. ஒண்ணுதான் கீதுன்னு எம்பொண்ணு சொல்லிடுச்சு. யுனிவர்சிட்டில இதைத்தான் படிக்குது. இடுப்புக்குக் கீழன்னு எவ்ளோ கரெக்டா சொல்லிச்சு பாரு!"

என் படிப்பைப் பற்றி அவர் பெருமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.